இருபத்தாறு மரை

அந்த மார்கழியில் எங்கள் வீட்டு சோபாவில் மூன்றாவது ஆளாக ஒரு பெட்ரோல் டேங்க் உட்கார்ந்திருந்தது. புதுப் பெயிண்ட், கறுப்பும் வெள்ளியுமாக. சன்னல் வெயில் அதன் மேல் ஏறி, வளைந்து, மெதுவாக மறுபக்கம் இறங்கும். மத்தியானங்களில் அதைப் பார்த்தபடியே கண் சொக்கிவிடும். எப்போதோ அதன் வயிற்றில் கிடந்த பெட்ரோலின் வாசம் தூக்கத்துக்குள்ளும் வரும். எங்கேயோ போய்க்கொண்டிருப்பேன். சத்தமே இருக்காது.

டேங்குக்கு உரிய மோட்டார் சைக்கிள் வராந்தாவில் நின்றது. இங்கிலாந்தில் செய்தது, என்னைவிட வயதில் மூத்தது. ஓய்வு பெற்றபின் வாங்கினேன். பெயிண்ட் அடிக்கக் கொடுத்தபோது, டேங்க் ஒன்று பெற்றுக்கொண்டதாக முறைப்படி கையெழுத்து வாங்கினேன். அதை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு பிடித்து நிற்கும் நாலு போல்ட்டுகளை அந்தச் சீட்டில் எழுதவில்லை. அரசாங்க ஸ்டோர் பிரிவில் உட்கார்ந்து, அடுத்தவர் சீட்டில் விட்டுப்போனதைக் கண்டுபிடித்தே தலை நரைத்தவன் நான். டேங்க் திரும்பி வந்தது. எழுதாதது வரவில்லை. நடைமுறைப்படி சரிதான்.

என் மனைவி கெடு வைத்தாள்.

"போகி அன்னைக்கி இது வாசலத் தாண்டணும். ஓடித் தாண்டுனா சரி. இல்லேன்னா பழைய இரும்புக்காரன் தூக்கிட்டுப் போகட்டும்."

"இது விண்டேஜ் வண்டி. அப்படிப் பேசக் கூடாது."

"நானுந்தான் விண்டேஜ். என்னைய சோபாவுல நீட்டிப் படுக்க விட்டீங்களா?"

வெறும் மிரட்டல் என்று நினைக்க வழியில்லை. முந்தின போகிக்கு என் டைப்ரைட்டர் போயிருந்தது. இங்கிலாந்திலிருந்து போல்ட் தருவிக்கலாம்தான். சுங்கத்தைத் தாண்டி அது வருவதற்குள் பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள்.

போல்ட்டின் பருமன் அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கு. எங்கள் ஊரில் அதற்கு ரெண்டரை நூல் என்று பெயர். ஒரு நூல் என்றால் எட்டில் ஒரு பங்கு. இப்போது எந்தக் கடையில் ரெண்டரை நூல் கேட்டாலும் எட்டு எம்.எம். போல்ட்டை எடுத்து நீட்டுவார்கள். பருமனில் மயிரிழைதான் வித்தியாசம். ஆனால் மரை, அதாவது சுற்றி வெட்டிய திருகு வரி, வேறு. டேங்கின் அடித்துளையில் அங்குலத்துக்கு இருபத்தாறு மரை. எட்டு எம்.எம். அதில் ரெண்டு சுற்று போகும், பிறகு நிற்கும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால், துளையின் மரையை வழித்துக்கொண்டு ஏறிவிடும். அதன்பின் டேங்கில் செம்பருத்தி நடலாம்.

அதனால் வாயால் கேட்பதை விட்டுவிட்டு எழுத்தில் கேட்பது என்று முடிவு செய்தேன். போகிக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, பேகம்பூரில் ஒரு பழைய போல்ட்டுக் கடைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குக் கதவை இழுத்துக்கொண்டிருந்தார். "5/16 x 26" என்று அழகாக எழுதிய சீட்டை அவர் கையில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் போனால் பொட்டலம் கனமாக இருந்தது. பிரித்தேன். எண்ணினேன். இருபத்தாறு போல்ட்டுகள்.

"எதுக்கு பாய் இம்புட்டு?"

"நீங்கதான சார் எழுதுனீங்க, இன்ட்டு இருபத்தாறுன்னு? ஒரு வண்டிக்கு எதுக்கு அம்புட்டுன்னு நானும் ரோசிச்சேன். சரி, ஆபீசர் எழுத்து, தப்பா இருக்காதுன்னு எண்ணிக் கட்டிட்டேன்."

அவர் மேல் பிழையில்லை. எங்கள் ஆபீசில் பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் வரும் எண் எண்ணிக்கைதான். அந்த விதியை ஜூனியர்களுக்கு நோட்டில் எழுதிக் கொடுத்ததே நான்தான்.

"அது எண்ணிக்கை இல்ல பாய். அங்குலத்துக்கு இருபத்தாறு மரை."

பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இருபத்தாறா? அட அல்லா, அது சைக்கிள் மரைல்ல! இதுக்கா சார் திண்டுக்கல்லையே சுத்துனீங்க?" கைக்கெட்டிய ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்து, சைக்கிள் முன்சக்கரத்தின் ஆக்ஸில் ஒன்றை எடுத்தார். நுனி முதல் நுனிவரை மரை வெட்டிய கம்பி. "அன்னைலேர்ந்து இதே அளவுதான். வெள்ளக்காரன் போனான், மரை போகல. போங்க, டேங்கக் கொண்டாங்க, கோத்துப் பாப்போம்."

மனைவியின் பழைய சுங்குடிச் சேலையில் டேங்கைச் சுற்றி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். மூடியில்லாத வாய்க்குள் காற்று புகுந்து ஊமென்று ஒரே சுதியில் இரைந்தது. மலைக்கோட்டைப் பாறை வெயிலில் மிதந்து பின்னால் போயிற்று. இறங்க வேண்டிய இடம் வந்தபிறகும் செத்த நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

பாய் ஸ்பேனரைத் தொடவே இல்லை. ரெண்டு விரலால் ஆக்ஸிலைத் துளையில் வைத்துத் திருகினார். அது போய்க்கொண்டே இருந்தது. நான் மூச்சு விட்டேன்.

"வீட்ல மாட்டும்போது ரொம்பப் போகவிடாதீங்க சார். நீளம் கூடுனா டேங்கப் பொத்துரும்."

ஈர்க்குச்சியை விட்டு ஒவ்வொரு துளையின் ஆழத்தையும் அளந்தோம். ஆக்ஸிலை நாலு துண்டாக அறுத்து, அரத்தால் பிசிறு ராவி, அதே அளவு சைக்கிள் நட்டுகளைக் கொடுத்தார். அதிர்வு தாங்க, லாரி ட்யூபில் வட்டமாக வெட்டிய ரப்பர். இங்கிலாந்தில் இதைப் பார்த்தால் யாருக்காவது மயக்கம் வரலாம். அவர்கள் முகவரி என்னிடம் இல்லை.

போகியன்று விடியற்காலையில் தெருவெல்லாம் புகை. வண்டி ஏழாவது உதையில் உறுமியது. மனைவி ஒட்டடைக்குச்சியோடு வாசலில் நின்று டேங்கை ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. குச்சியைச் சுவரில் சாத்திவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினாள்.

செம்பட்டி சாலையில் பனி இறங்கியிருந்தது. தென்னைகளுக்கு அடிமரம் இல்லை, தலை மட்டும் நின்றது. எங்கோ பூ பறிப்பவர்களின் பேச்சு கேட்டது, ஆளைக் காணோம். முழங்கால்களுக்கு நடுவே டேங்க் லேசாகச் சூடேறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் காதைக் கீழே வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

செம்பட்டி பிரிவில் ஓரம் கட்டி, டேங்குக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன்.

"என்னத்தத் தடவுறீங்க?"

"ஒழுகுதான்னு."

"ஒழுகுதா?"

விரல்களை முகர்ந்தேன். காய்ந்திருந்தன.

"இல்ல."

"அப்ப எதுக்கு நிக்கிறீங்க? போங்க."