அக்காவுக்கு ஒரு கர்னல்

தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீஃபிலிருந்து தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள் ஜெனிட்டா. கணினிகளில் லினக்ஸ் இயங்குதளத்தை அமைத்துக் கொடுக்கும் கம்பெனியில் வேலை. வீட்டில் அக்கா பியாட்ரிஸ் மட்டும்தான். பிறவியிலேயே கண் தெரியாத அவள், ஒலிப்பதிவுகளைக் கேட்டு வீட்டிலிருந்தே தட்டச்சு செய்கிறாள்.

அக்காவின் பழைய லேப்டாப்பில் திரையை வாசிக்கும் குரல் வர நெடுநேரம் ஆகும். அதுவரை லேப்டாப் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று அவள் அதன்மேல் கைவைத்துச் சூடு பார்ப்பாள். அதைப் பார்க்க ஜெனிட்டாவுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு ஞாயிறு, புள்ளிகளாக எழும்பும் பாட்டு வரிகளைத் தடவி வாசிக்கும் பிரெயில் கருவியோடு அக்கா சர்ச்சுக்குப் போயிருந்தாள். ஜெனிட்டா அந்த லேப்டாப்புக்காக, லினக்ஸின் மையமான கர்னலைப் புதிதாகக் கட்டினாள். வழக்கமாக, ஒவ்வொரு கருவியையும் இயக்கும் டிரைவர் நிரல்கள் தனித்தனி மாட்யூல்களாக வெளியே இருக்கும். வேண்டியபோது கர்னல் ஏற்றிக்கொள்ளும். அப்படி ஏற்றும் நேரத்தை மிச்சப்படுத்த, அவள் மாட்யூலே வைக்காமல் வேண்டியதையெல்லாம் கர்னலுக்குள்ளேயே சேர்த்தாள். எது எது வேண்டும் என்பதை ஒரு கட்டளையே பார்த்துக்கொண்டது. அந்த நேரத்தில் இயங்கிக்கொண்டிருந்த டிரைவர்களை மட்டும் அது எடுத்துக்கொண்டது.

பியாட்ரிஸ் திரும்பிவந்து பொத்தானை அழுத்தினாள். சட்டென்று குரல் கேட்டது.

"அய்யோ, அதுக்குள்ளயா!" என்று சிரித்தாள். பிரெயில் கருவியை மாட்டி விரல்களை வைத்தாள். ஒரு புள்ளிகூட எழும்பவில்லை.

"இன்னாடி ஆச்சு இதுக்கு?"

"நான் கட்டறப்போ இது உங்கிட்ட இருந்துச்சுக்கா. அதான் இதோட டிரைவர் சேரல. வெளியேருந்து ஏத்தவும் முடியாது, திரும்பக் கட்டணும்."

"மெஷினைக் கேட்டே. என்னைக் கேக்கலியே."

குரலில் கோபமில்லை. எல்லாக் கருவிகளையும் அறிந்த பழைய கர்னலிலேயே ஜெனிட்டா லேப்டாப்பை எழுப்பினாள்.

"சரிக்கா, நீ இன்னா இன்னா மாட்டுவியோ எல்லாத்தையும் மாட்டு."

பிரெயில் கருவி, ஹெட்போன். பிறகு கொஞ்சம் தயங்கி, கட்டிலுக்கடியிலிருந்து சின்ன இசைக் கீபோர்டு ஒன்றை இழுத்தாள் பியாட்ரிஸ்.

"இது எப்போ வாங்கினே?"

"ஈஸ்டருக்கு முன்னாடி. நீ ரயிலுக்குப் போனப்புறம் வாசிப்பேன். நல்லா வந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

அக்காவின் பகல்களைத் தான் பார்த்ததே இல்லை என்பது ஜெனிட்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மறுபடி கட்டளையைக் கொடுத்தாள். மூன்றும் உள்ளே வந்துவிட்டனவா என்று சரிபார்த்து, கர்னலைக் கட்டவிட்டாள். இருவரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, கதை பேசி முடித்தும் அது ஓடிக்கொண்டிருந்தது.

மாலையில் லேப்டாப் பேசியது. விரலுக்கடியில் புள்ளிகள் எழும்பின. பியாட்ரிஸ் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தப்பா வந்தா சிரிக்கக் கூடாது."

பாதியில் தடுமாறி, முதலிலிருந்து வாசித்தாள். ஜெனிட்டா அவள் காலருகே உட்கார்ந்து கேட்டாள்.

"நாளைக்கு லீவு போடட்டுமாக்கா?"

"எதுக்கு?"

"சும்மா. உங்கூட இருக்க."

"போடு. ஆனா நான் டைப் பண்றப்போ பேசக் கூடாது."