பதினாறாம் நம்பர் படுக்கையறை

இதில் வரும் நேரங்களில் ஒரு நிமிடம்கூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எல்லாம் படக்காரர் தன் நோட்டில் எழுதி வைத்தவை. நாற்பது வருடம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்த மனிதர்; அதனால்தான் அந்தப் பெயர். ஒவ்வொரு படத்தின் மூலையிலும் தேதியும் மணியும் போட்டே பழகிய கை. நானும் அவரும் ஒரே இருட்டறையில் பிலிம் கழுவியவர்கள். அவர் கதை கட்டி நான் கேட்டதில்லை. அந்த அளவுக்கு அவருக்குக் கற்பனையும் கிடையாது.

பகலில் நடந்தது. பட்டப்பகலில்.

படக்காரரின் மனைவி இறந்து அப்போது ஏழு மாதம். அவர் அழவில்லை. அடக்கி வைத்தார் என்றில்லை, வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துக் கிடக்குமே, அப்படி உடம்பு முழுக்க மரத்துக் கிடந்தது. சாப்பிட்டார், தூங்கினார், கேட்டால் பதில் சொன்னார். அவ்வளவுதான்.

அவரைக் கவனிக்க இருந்த ஒரே ஆள் அவருடைய தங்கை. டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். குடும்பத்தில் அவளுக்கு 'எக்ஸ்சேஞ்ச்' என்றே பெயர். வாயைத் திறந்தால் லைன் கட்டாகாது. கணவர் போய்ப் பல வருடம் ஆயிற்று, பிள்ளைகள் இல்லை.

அவள்தான் ஆரம்பித்தாள்.

"அண்ணே, நீ அங்க ஒத்தையில, நான் இங்க ஒத்தையில. எதுக்கு? ரிட்டையர் ஆனவங்களுக்குன்னே வீடு கட்டி விக்கிறாங்க. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு வாங்குவோம். காலையில சுவத்தைத் தட்டினா நீ எந்திரிச்சியா இல்லையான்னு எனக்குத் தெரிஞ்சிடும்."

"சரி."

"சரின்னா?"

"சரிதான்."

"மனுஷன்கிட்டப் பேசுறேனா, மணி கேக்குற நம்பருக்குப் போன் போட்டுட்டேனான்னே தெரியல. சரி, எனக்குப் பொறுமை கிடையாது. நீ கம்ப்யூட்டர்ல எல்லாத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து வை."

படக்காரர் ஒரு நோட்டு போட்டார். வாசலில் படி உண்டா, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, சக்கர நாற்காலி நுழையும் அளவுக்குக் கதவு அகலமா, கிளினிக் எத்தனை நிமிட நடை, ஏற்கெனவே குடியிருப்பவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள்... கட்டம் கட்டி நிரப்பினார். ஒன்பது நாளில் பதினொரு குடியிருப்புகளை அலசிவிட்டார். அடுத்தடுத்து இரண்டு வீடு காலியாக இருந்தது ஒரே ஒரு இடத்தில்தான். பதினாறும் பதினேழும். இடையில் ஒரே சுவர்.

தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. "அதேதான் அண்ணே! வேற எதையும் பார்க்காத!"

அந்த இணையதளத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு 'சுற்றிப் பார்க்க' பட்டன் இருந்தது. தரையில் தெரியும் அம்புக்குறியைத் தொட்டால் அடுத்த அறைக்குப் போகலாம். மவுஸை இழுத்தால் தலையைத் திருப்புவதுபோல் அறை முழுக்கச் சுற்றும். வெறும் போட்டோதான். எதுவும் அசையாது. சத்தமும் கிடையாது.

செவ்வாய்க்கிழமை, காலை 11.10. பதினாறாம் நம்பரைத் திறந்தார்.

வெளிச்சமான வீடு. கூடத்தில் ஒரு சோபா. படுக்கையறையில் நீலக்கரை போட்ட விரிப்புடன் ஒரு கட்டில், ஜன்னலைப் பார்த்தபடி ஒரு மர நாற்காலி. விரிப்பு இஸ்திரி போட்டதுபோல் இருந்தது. 'படுக்கையறை: பரவாயில்லை' என்று எழுதிக்கொண்டார்.

அதே நாள், மாலை 4.05. கதவின் அகலத்தை மறுபடி பார்க்கத் திறந்தார்.

கட்டிலின் ஓரத்தில் விரிப்பு அமுங்கியிருந்தது. யாரோ உட்கார்ந்து எழுந்த பள்ளம்.

காலையில் கவனிக்காமல் விட்டிருப்போம் என்று நினைத்தார். ஆனால் கவனிக்காமல் விடுவது அவர் தொழிலிலேயே கிடையாது. அந்தக் காட்சியை அப்படியே கம்ப்யூட்டரில் சேமித்து, மணியைக் குறித்துக்கொண்டார்.

புதன்கிழமை, காலை 11.20.

பழைய எக்ஸ்ரேயையும் புதிய எக்ஸ்ரேயையும் பக்கத்தில் மாட்டிப் பார்ப்பதுபோல, நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கம் பக்கமாக வைத்தார். பள்ளம் ஆழமாகியிருந்தது. ஜன்னலைப் பார்த்திருந்த நாற்காலி இப்போது கட்டிலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

பயந்திருக்க வேண்டும். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. குறித்துக்கொண்டார்.

குடியிருப்பின் விற்பனைப் பிரிவுக்குப் போன் செய்தார். ஒரு பெண் எடுத்தாள்.

"பதினாறாம் நம்பர் படத்தை மாத்தினீங்களாம்மா?"

"இல்லையே சார். ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது. ஒருதடவைதான் எடுத்தோம்."

"கட்டில், நாற்காலி எல்லாம்?"

"முன்ன இருந்தவரோடது. இப்ப எதுவும் இல்ல, ஒரு நாற்காலி மட்டும் கிடக்கு. வீடு காலிதான் சார்."

"முன்ன இருந்தவர் எங்க?"

போனில் ஏதோ காகிதம் புரண்டது.

"காலி பண்ணிட்டாரு சார்."

வியாழக்கிழமை, காலை 10.45. தங்கை வழக்கம்போல் போனில். தன் வீட்டில் எந்தச் சாமானை எடுத்து வருவது, எதைத் தள்ளிவிடுவது என்று ஒரே மூச்சில் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். படக்காரர் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, கம்ப்யூட்டரில் பதினாறாம் நம்பரின் படுக்கையறைக்குள் போனார்.

கட்டிலடியில் ஒரு ஜோடி செருப்பு.

நேற்று இல்லை. ஒன்றோடு ஒன்று ஒட்டி, முனை வெளியே பார்த்தபடி, ஒழுங்காக. உட்கார்ந்திருப்பவர் கழற்றி வைத்த மாதிரி.

"...அந்த அலமாரிய மட்டும் விட மாட்டேன், என்ன சொல்ற?"

"ம்," என்றார் படக்காரர்.

"ம்..."

இரண்டாவது 'ம்' அவர் சொன்னதல்ல.

"என்ன அண்ணே," என்றாள் தங்கை, "ரெண்டு தடவை ம் கொட்டுற? அதிசயமா இருக்கு."

கம்ப்யூட்டரின் ஒலியைப் பார்த்தார். முழுவதும் குறைத்தே இருந்தது. மணி 10.52.

அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லி, அவள் கேள்வி கேட்டு, அதற்குப் பதில் சொல்லி... அலுப்பாக இருந்தது. அவள் அந்தச் சுவரையே நம்பி உட்கார்ந்திருந்தாள். சொல்லவில்லை.

சனிக்கிழமை இருவரும் நேரில் போனார்கள்.

நல்ல இடம். அகலமான நடைபாதை, மரத்தடியில் பெஞ்சுகள், சீட்டாடும் இரண்டு கிழவர்கள். விற்பனைப் பெண் முதலில் பதினேழைத் திறந்து காட்டினாள். தங்கை உள்ளே போய்ச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு பதினாறைத் திறந்துவிட்டு, "நீங்க பாருங்க சார்" என்று அந்தப் பெண் வாசலிலேயே நின்றுகொண்டாள். உள்ளே வரவில்லை. தங்கை அவளைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று விசாரிக்க ஆரம்பித்தாள்.

படக்காரர் தனியாகப் போனார். 12.25.

புது பெயிண்ட் வாசனை. சோபா இல்லை. படுக்கையறையில் கட்டில் இல்லை. அது நின்ற இடத்தில் தரையில் நான்கு தடங்கள் மட்டும். அந்த மர நாற்காலி கிடந்தது. நான்கு தடங்களைப் பார்த்தபடி.

"பார்த்தாச்சா?"

ஆண் குரல். வயதான குரல். மெதுவாக, மரியாதையாக.

"பார்த்தாச்சு," என்றார் படக்காரர். வாய் தானாகச் சொன்னது.

"அப்ப உட்காருங்க."

உட்கார்ந்தார்.

எதிரில் யாரும் தெரியவில்லை. ஆனால் எதிரில் ஆள் இருப்பது தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டாலும் பக்கத்தில் ஒருவர் இருந்தால் தெரியுமே, அப்படி. இருவரும் பேசவில்லை. பேசத் தேவையும் இல்லை. ஏழு மாதமாகத் தனியாகச் சுமந்த அந்த மரத்துப்போன கனத்தை யாரோ ஒரு பக்கம் வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது.

நன்றாக இருந்தது. அதுதான் பயங்கரம் என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

தங்கை உள்ளே வந்தாள்.

வாசற்படியில் நின்று அறையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவர் அங்கே இல்லாததுபோல், அவருக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தாள்.

"இங்கயும் இல்லையே..."

போய்விட்டாள்.

கூப்பிடலாம் என்று தெரிந்தது. கூப்பிடத் தோன்றவில்லை.

மறுபடி வந்தாள். இந்த முறை குளியலறைக் கதவைத் திறந்தாள். ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். நாற்காலியை உரசிக்கொண்டு போனாள். அவளுடைய புடவைத் தலைப்பு அவர் முழங்காலில் பட்டது.

"அண்ணே... அண்ணே..."

காது கேட்டது.

எதிரிலிருந்து...

"ம்..."

அவரும் சொன்னார்.

"ம்..."

வெளியே சாவிக்கொத்து குலுங்கியது. யாரோ ஓடினார்கள். வெளிச்சம் ஜன்னலில் நகர்ந்தது.

மூன்றாவது முறை தங்கை வந்தபோது அழுதுகொண்டிருந்தாள். அறை நடுவில் நின்று, ஐம்பது வருடமாக யாரும் சொல்லாத பெயரைச் சொல்லிக் கத்தினாள். சின்ன வயதில் அவரை அழ வைக்க அவள் வைத்த பெயர்.

"டேய் குண்டுப் பூசணி! எங்கடா போய்த் தொலைஞ்ச!"

நெஞ்சுக்குள் எங்கோ ஒரு சின்ன எரிச்சல். ஏழு மாதத்தில் முதல்முறையாக ஒன்று.

"யாருடி குண்டு?"

தங்கை அலறினாள்.

அவள் முன்னால், இரண்டடி தூரத்தில், அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மணி 1.10. படக்காரருக்கு இரண்டு மூன்று நிமிடம் போல் இருந்தது. நாற்பத்தைந்து நிமிடம்.

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் விற்பனைப் பெண் சுவரோடு சுவராக நின்றிருந்தாள். கதவை இரண்டு முறை பூட்டி, இழுத்துப் பார்த்தாள்.

"எங்க இருந்த?" என்று தங்கை காரில் கேட்டாள்.

"உள்ளதான்."

"நான் வந்து பார்த்தேனே! ரெண்டு தடவை!"

"கண் அசந்துட்டேன் போல," என்றார். பொய். அவர் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் நான் அறிந்தது அது ஒன்றுதான். அவள் உரசிக்கொண்டு போனதைச் சொன்னால் அவள் தாங்க மாட்டாள் என்று நினைத்தார்.

அந்த இடத்தை வாங்கவில்லை. நான்கு மாதம் கழித்து வேறொரு குடியிருப்பில், நடைபாதையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு வீடு கிடைத்தது. பொதுச்சுவர் இல்லையே என்று தங்கைக்குக் குறை. தினமும் காலை ஏழு மணிக்கு வந்து கதவைத் தட்டினாள்.

அங்கே வாரம் ஒருமுறை ரத்த அழுத்தம் பார்க்க ஒரு நர்ஸ் வருவார். நடுத்தர வயது, பேச்சுத் துணைக்கு ஏங்கும் ஆள். தங்கைக்கும் அவருக்கும் உடனே ஒட்டிக்கொண்டது. ஒருநாள் படக்காரரின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துக்கொண்டிருந்தபோது, முன்பு எங்கே வேலை பார்த்தீர்கள் என்று தங்கை கேட்டாள். நர்ஸ் அந்தக் குடியிருப்பின் பெயரைச் சொன்னார்.

"பதினாறாம் நம்பர் தெரியுமா?" என்றாள் தங்கை.

நர்ஸின் கை நின்றது.

"அங்க ஒரு ஐயா இருந்தாரும்மா. சம்சாரம் போய் ஆறு மாசம். யார்கிட்டயும் பேச மாட்டாரு. ஒருநாள் திடீர்னு ஆளைக் காணோம். கேட்ல கேமரா பார்த்தோம், வெளிய போகல. மகன் வந்தாரு, போலீஸ் வந்துச்சு. வீட்டை மூணு தடவை சல்லடை போட்டுச் சலிச்சோம். நாலாம் நாள் நானே அந்தக் கட்டில்ல விரிப்பு மாத்தினேன். களைப்பா இருந்துச்சுன்னு அதுலயே கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன்."

"அப்புறம்?"

"பதினோராம் நாள் காலையில கூட்டுற அம்மா கதவைத் திறந்தா... கட்டில் ஓரத்துல உட்கார்ந்திருக்காரு. செருப்பைக் கழட்டி ஒழுங்கா வச்சிட்டு. உயிர் இல்ல."

"பத்து நாளுக்கு முன்னாடியே..."

"இல்லம்மா." நர்ஸ் குரலைத் தாழ்த்தினார். "டாக்டர் பார்த்துட்டுச் சொன்னாரு. முந்தின நாள் ராத்திரிதான் போயிருக்கு. பசியில."

பட்டையிலிருந்து காற்று மெல்ல இறங்கியது.

தங்கை வாயில் கை வைத்துக்கொண்டாள். "அத்தனை பேர் தேடியிருக்கீங்க. அந்த மனுஷன் ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதா?"

"தோணியிருக்காது," என்றார் படக்காரர்.