எல்லைக்கல்லில் வைத்த கரி

இஸ்திரிக்காரர் பெட்டியைத் திறந்து கரியை விசிறுவாரே, அந்த வாசனை வந்தால் போதும், நான் தெருவின் மறுபக்கம் போய்விடுவேன். போன வாரம் காய்கறிப் பையோடு அப்படிப் போகப்போய் ஒரு சைக்கிளுக்குக் குறுக்கே விழப் பார்த்தேன். சைக்கிள்காரர் மணி அடித்திருக்கிறார். காதில் விழுந்தும் இருக்கிறது. கரி வாசனையும் சைக்கிள் மணியும் ஒன்றாக வந்தால் என் கால் என் பேச்சைக் கேட்பதில்லை. ஏன் என்று வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

இரண்டாம் யுத்த காலம். புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் கையில். எனக்கு இருபத்தாறு வயது, அம்மை குத்துகிற உத்தியோகம். வில்லியனூரில் தங்கியிருந்து, ஏம்பலம் தாண்டிப் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குச் சைக்கிளில் போவேன். ஜனங்கள் வயலுக்கு இறங்குவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பதால் கிழக்கு வெளுக்கும் முன்பே கிளம்பிவிடுவேன். பின்னால் மரப்பெட்டி, அதில் ஊசியும் மருந்தும். முன்னால் அரசாங்கம் கொடுத்த விளக்கு. எண்ணெய் கிடைக்காத காலம் என்று சொல்லி, நான் அதை ஏற்றுவதே இல்லை.

வழியில் ஓர் ஏரிக்கரை. பாதை கரைமேல் ஏறி, கொஞ்ச தூரம் தண்ணீரோடு நடந்து, பிறகு பனைமரங்களுக்கு நடுவே சட்டென்று சரியும். பாதிச் சரிவில் ஓர் எல்லைக்கல். அதற்கு மேலே பிரெஞ்சு மண், கீழே கொஞ்ச தூரம் இங்கிலீஷ்காரன் மண், மறுபடியும் பிரெஞ்சு மண். சட்டைக்கு ஒட்டுப் போட்டதுபோல அப்படித்தான் கிடந்தது எங்கள் நாடு.

அது மார்கழி. பனி இறங்கியிருந்தது என்று சொன்னால் போதாது. ஏரி எழுந்து நடந்து வந்து வயலில் படுத்துக்கொண்டதுபோல இருந்தது. சரிவின் தலைப்பில் நான் வரும்போது கீழே எங்கோ ஒரு சைக்கிள் மணி மூன்று முறை அடித்தது. எனக்குப் பின்னால், கரையின் அந்தக் கோடியில், ஏதோ உறுமிக்கொண்டிருந்தது. மணி ஓய்ந்ததும் அந்த உறுமலும் நின்றது. தவளைகள்கூட நின்றன. நான் சரிவில் இறங்கினேன்.

முதலில் வந்தது வாசனை. வாடைக்காற்றில் கரி நெருப்பின் வாசனை, பின்னங்கழுத்தில் யாரோ ஊதியதுபோல. அப்புறம் ஈரப்பாயை மண்ணில் இழுக்கிற மாதிரி ஒரு சரசரப்பு. திரும்பிப் பார்க்க நேரமில்லை. வீடு அளவுக்கு ஒரு கறுப்பு என் தோளை உரசிக்கொண்டு போயிற்று. பெட்டியில் ஓர் இடி. நான் வயல் சேற்றில் கிடந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது, ஓர் ஆள் உயரத்துக்குச் சற்றுக் கீழே, சிவப்பாக ஒரே ஒரு கண். என்னைப் பார்த்தபடியே பின்னோக்கிப் போய்ப் பனிக்குள் அணைந்தது. சத்தமே இல்லை.

சரிவின் அடியில் ஒரு பால்காரர் இரண்டு கேன்களோடு நின்றுகொண்டிருந்தார். மூன்று மணி அடித்தது அவர்தான். தினமும் பட்டணத்துக்குப் பால் கொண்டுபோகிறவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வழியில் பார்த்துப் பார்த்து அண்ணே என்று கூப்பிடும் அளவுக்குப் பழக்கம். அவர் எனக்கு வைத்த பெயர் அம்மைக்காரர்.

"பாத்துட்டீங்களா அம்மைக்காரரே?" என்றார்.

"எதை?"

"சேத்துல குளிச்சிட்டு வந்து நின்னுக்கினு எதைன்னு கேக்கறீங்க. செவப்பா ஒத்தக் கண்ணு, கரி நாத்தம், சத்தமே கெடையாது. அதானே?"

தலையாட்டினேன்.

"கொள்ளிவாயன். போன மாசம் ஒரு புல்லுக்கட்டுக்காரியத் தள்ளிவுட்டுச்சு. எம் மச்சான் சைக்கிள்ல வந்தான், பல்லு போச்சு. சைக்கிளுக்கு ஒண்ணும் ஆவல, அதுவரைக்கும் நல்லது." சிரித்தார், உடனே சிரிப்பை விழுங்கிக்கொண்டார். "நீங்க படிச்சவரு. நீங்களே பாத்துட்டீங்கன்னா அப்புறம் இன்னா இருக்குது."

அந்தச் சரிவுக்கென்று சைக்கிள்காரர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அன்று அவர்தான் எனக்குச் சொன்னார். ஏறினாலும் இறங்கினாலும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். மூன்று முறை மணி அடிக்க வேண்டும். எல்லைக்கல்லின் மேல் ஒரு துண்டு கரி வைக்க வேண்டும். நெருப்பைத் தின்கிற கொள்ளிவாயனுக்கு அதுதான் தீனி. வைத்த கரி மறுநாள் இருக்காது. கல் துடைத்துவிட்டதுபோல இருக்கும்.

"இன்னொண்ணு. நமக்குள்ள பேசிக்கலாம். போலீஸ் கச்சேரிக்கோ மேரி ஆபீசுக்கோ போயி வாயத் தொறந்தா, தொறந்தவன் வூட்டத் தேடிக்கினு வரும்."

அன்று சாயங்காலம் அறையில் பெட்டியைக் கழுவினேன். மூலையில் மரம் பிளந்திருந்தது. பிளவின் ஓரத்தில் நகத்தின் அகலத்துக்குப் பச்சைப் பெயின்ட்.

இந்த இடத்தில் பொய் சொல்ல நான் விரும்பவில்லை. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பேய்க்கு யாரும் பெயின்ட் அடிப்பதில்லை. ஆனால் பேய் என்றால் கதை, மோட்டார் என்றால் மனு. மனு என்றால் உன் விளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்பார்கள். அரசாங்கப் பெட்டி எப்படி உடைந்தது என்பார்கள். அந்த மோட்டார் எந்தத் துரையுடையதோ. கதையாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று எனக்குள் ஏதோ ஒன்று கெஞ்சியது. பிளேடை எடுத்து அந்தப் பச்சையைச் சுரண்டினேன். துகள் பறந்து போயிற்று. மறுநாளிலிருந்து நானும் இறங்கித் தள்ளினேன், மணி அடித்தேன், கரி வைத்தேன். கல்லில் கரி வைத்த கையாலேயே அரை மணி நேரம் கழித்து ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "இது தெய்வக் குத்தம் இல்லை அம்மா, நோய்" என்று அதன் தாயிடம் சொல்வேன். கொஞ்ச நாளில் அந்தச் சிவப்புக் கண்ணை நான் உண்மையாகவே நம்ப ஆரம்பித்துவிட்டேன். பார்க்காதவர்களைவிட அதிகமாக நம்பினேன்.

இருபது நாள் போயிருக்கும். முந்தின நாள் வேலை முடியாமல் சரிவுக்குக் கீழே ஒரு கிராமத்தில் தங்கிவிட்டு, விடியும் முன்பே பால்காரரோடு சேர்ந்து திரும்பிக்கொண்டிருந்தேன். சரிவின் அடியில் அவர் இறங்கினார். என் பெட்டியின் வார் அவிழ்ந்து கிடந்ததால் நான் குனிந்து அதைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"கட்டிக்கினு வாங்க, மின்ன போறேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளினார். பதினைந்து இருபது அடியிலேயே பனி அவரை மூடிக்கொண்டது. மணி அடித்தார். ஒன்று. இரண்டு. மூன்று. மேலே கரையில் உறுமிக்கொண்டிருந்தது நின்றது.

கரி வாசனை வந்தது. நான் நிமிர்ந்தேன். கத்தியிருக்கலாம். "அண்ணே, மோட்டார், ஓரம் போங்க" என்று நாலு வார்த்தை. வாய் திறக்கவில்லை. பேசக் கூடாது என்பது அதற்குள் எனக்கு உடம்பில் ஊறியிருந்தது.

நாலாவது மணி அடித்தது. அதை யாரும் அடிக்கவில்லை. கேன்கள் உருண்டன. கறுப்பு என்னைத் தாண்டிப் போனது. சிவப்புக் கண் என்னைப் பார்த்துக்கொண்டே போனது. நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது பால் மண்ணில் கோடு கோடாக இறங்கி வந்துகொண்டிருந்தது. அவர் எல்லைக்கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வைக்கப்போன கரி இன்னும் கையிலேயே இருந்தது. வலது கால் இருக்க வேண்டிய மாதிரி இல்லை.

கட்டை வண்டி பிடித்து அவரைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, நேரே போலீஸ் கச்சேரிக்குப் போனேன். எழுதுகிறவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"விழுந்தது கல்லுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"கல்லுமேலயே சாஞ்சிருந்தாருங்க."

"தலை எந்தப் பக்கம்?"

"மேல் பக்கம். நம்ம பக்கம்."

"அப்ப எழுதலாம்" என்று பேனாவை எடுத்தார். "இடிச்சது இன்னா?"

"பச்சைப் பெயின்ட் அடிச்ச ஒரு மோட்டார். கரியில ஓடுற லாரியா இருக்கும்." பெட்ரோல் கிடைக்காமல் முதுகில் கரியடுப்பைச் சுமந்து லாரிகள் ஓடிய காலம் அது.

"பச்சைன்னு இருட்டுல எப்படித் தெரிஞ்சுது?"

சொன்னேன். பெட்டி, பிளவு, பிளேடு எல்லாவற்றையும். அவர் பேனா நின்றது. கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"இருபது நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டேன்.

மறுநாள் இருட்டோடு இரண்டு போலீஸ்காரர்களும் நானும் சரிவில், எல்லைக்கல்லுக்கு மேலே பிரெஞ்சுப் பக்கத்திலேயே காத்திருந்தோம். பாதைக்குக் குறுக்கே கட்டை வண்டி, அதில் மூன்று லாந்தர். செய்தி பரவியிருந்ததால் ஒரு சைக்கிளும் வரவில்லை. யாரும் மணி அடிக்கவில்லை. கரையில் உறுமல் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் இந்த முறை அது அடங்கவில்லை, வளர்ந்தது. கண்ணைத் திறந்தால், யுத்த உத்தரவுப்படி கறுப்புப் பூசிய விளக்கிலிருந்து ஒரு கோடு வெளிச்சம் விட்டுக்கொண்டு, தடதடவென்று, துணி மூட்டை ஏற்றிய ஒரு சாதாரணப் பச்சை லாரி இறங்கி வந்து நின்றது. முதுகில் கரியடுப்பு. அடுப்பு வாயில் சிவப்பு.

டிரைவர் ஐம்பது வயது மனிதர், தனி ஆள். இறங்கியவர் முதலில் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. லாந்தரை வாங்கித் தாழ்த்தி எங்கள் கால்களைப் பார்த்தார். தரையில் பாவியிருக்கிறதா என்று.

"மனுசங்கதானா?" என்றார். மணிக்கட்டில் புதிதாக மந்திரித்த கயிறு.

போலீஸ்காரர் அதட்டியதும் உட்கார்ந்துவிட்டார். "ஐப்பசிலேர்ந்து இந்த எடத்துல மணி அடிக்குது சார். ஆளு தெரியாது. பனிக்குள்ளருந்து மூணு தபா. காதுல வுழுந்ததும் இன்ஜின அமத்தி, வெளக்க அமத்தி, மூச்சப் புடிச்சிக்கினு எறங்கிடுவேன். நான் போறது அதுக்குத் தெரியக் கூடாதுன்னு. இன்னிக்கு அடிக்கல. அதான் நெஜமா வண்டி ஓட்டிக்கினு வந்தேன்."

"கல்லுமேல கரி?" என்று கேட்டேன்.

"அது வச்சிட்டுப் போவும். எடுக்கலன்னா கோவிச்சுக்கும்னு சாயங்காலம் திரும்பி வர்றப்ப எடுத்து அடுப்புல போட்டுக்குவேன்."

"நேத்து ஒரு ஆளை அடிச்சியே, தெரியலியா?" என்றார் போலீஸ்காரர்.

அவர் முகம் கரைந்துபோனதை லாந்தர் வெளிச்சத்தில் பார்த்தேன். "ஆளா? அது என்னை அடிச்சிட்டுதுன்னு நெனச்சனே சார்" என்றார். போலீஸ்காரர்களோடு தானாகவே நடந்தார்.

ஒன்று மட்டும் எனக்கு இன்றுவரை தீரவில்லை. மணி கேட்பதற்கு முன் நான் இன்ஜினை அமர்த்தியதே இல்லை என்று அந்த டிரைவர் கடைசிவரை சொன்னார். அது தள்ளிவிடுவதற்கு முன் நாங்கள் மணி அடித்ததே இல்லை என்று ஊர்க்காரர்கள் சத்தியம் செய்தார்கள். இரண்டு பக்கமும் பொய் சொல்கிற முகம் இல்லை. அப்படியென்றால் முதல் மணி யாருடையது? ஐப்பசி இருட்டில் யாரோ ஒருவர் சும்மா அடித்துவிட்டுப் போயிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும். அதற்கு மேல் யோசிக்க இப்போதும் பயமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு சைக்கிளில் எத்தனையோ வருஷம். எந்த வண்டி என்னை உரசினாலும், பயம் காட்டிவிட்டுப் போனாலும், அன்றே போய் எழுதிக் கொடுத்துவிடுவேன். காயமே இல்லையே, எதுக்கு மனு என்று சிரிப்பார்கள். காயம் படாதவன் எழுதாவிட்டால் காயம் பட்டவனுக்காக எழுத வேண்டிவரும் என்பது அந்தச் சரிவில் நான் கற்றது.

பால்காரருக்கு வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தை பிறந்து ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தேன். அதோடு அவர் பெண்ணின் ஊருக்குப் போய்விட்டார்; பிறகு நாங்கள் சந்திக்கவே இல்லை. அன்று பச்சைப் பெயின்டைப் பற்றி அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் எழுந்து வாசல் வரைக்கும் போய்விட்டேன்.

"அம்மைக்காரரே."

நின்றேன். அவர் திரும்பவில்லை, சுவரைப் பார்த்தே பேசினார்.

"அந்தச் சரிவு வழியாத்தானே போறீங்க?"

"ஆமா அண்ணே."

"மணி அடிக்காதீங்க. வாயத் தொறந்து, நான் மனுசன் வரேன்னு சொல்லிக்கினு போங்க."