பள்ளம் வருது

முதுகில் டிஸ்க் விலகியதிலிருந்து என்னால் வண்டி ஓட்ட முடியாது. எங்கே போவதென்றாலும் நண்பனின் ஸ்கூட்டர்தான். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். இப்போது முதலியார்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். கூப்பிட்டால் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு வந்து நிற்பான். ஓட்டும்போது ரோட்டை எனக்குச் சொல்லிக்கொண்டே வருவான். "பள்ளம் வருது, கெட்டியா புடி." "ஸ்பீட் பிரேக்கர்டா, லேசா எழுந்துக்கோ." நம் ஊர் ரோட்டில் இதை எத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கும்! அந்த மனுஷன் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.

போன வருஷம் நான் ஒரு மாயாஜால நாவல் எழுதினேன். மந்திரவாதியின் சாபத்தால் கண் போன இளவரசன் மலை தாண்டிப் போய்ச் சாபத்தை உடைக்கிறான். கூடவே ஒரு தோழன். இளவரசனின் கையைப் பிடித்துக்கொண்டு, இங்கே பள்ளம், அங்கே பாறை என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவான். அந்தத் தோழனை எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்குத் தெரியாதா? முன்னுரையில் யார் யாருக்கோ நன்றி போட்டேன். இவனை விட்டுவிட்டேன். நம்ம ஆள்தானே என்ற அலட்சியம்.

புத்தகம் வந்ததும் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன ஹாலில் கூட்டம் வைத்தார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"சார், சாபத்த உடைக்கிறது இளவரசன்தான். ஆனா கூட வர்றவன் இல்லன்னா அவரு முதல் பள்ளத்துலயே விழுந்திருப்பாரே. அப்போ அவன்தானே ஹீரோ?"

ஆமாம்மா என்று சொல்லியிருந்தால் முடிந்தது. எனக்குத்தான் மைக்கைப் பிடித்தால் தலைகால் புரியாதே!

"துணைக்கு வர்றவன் ஹீரோ ஆக முடியாதும்மா. சாபம் யாருக்கோ, கதையும் அவனுக்குத்தான். வழி சொல்ல இவன் இல்லன்னா வேற ஒருத்தன் வருவான்" என்றேன்.

கைதட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அப்போதுதான் கடைசி வரிசையைப் பார்த்தேன். என் பையையும் என் ஹெல்மெட்டையும் மடியில் வைத்துக்கொண்டு அவனும் கைதட்டிக்கொண்டிருந்தான். சே, என்ன பேச்சுப் பேசிவிட்டேன்! மேடையிலேயே எனக்கு முகம் செத்துப்போனது.

திரும்பும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் வண்டி மெதுவானது. என் முதுகு ஒரு இடத்திலும் குலுங்கவில்லை. ஆனால் பள்ளம் வருது என்று அவன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மன்னிச்சுக்கடா என்று சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு சிக்னலிலும் நினைத்தேன். ஹாலில் அவ்வளவு நீண்ட நாக்கு இங்கே எழவேயில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் முதுகைக் காட்ட வேண்டும். அது அவனுக்கும் தெரியும். என் வீட்டு வாசலில் பையைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டான்:

"நாளைக்கு நான் வரணுமாடா? இல்ல, வேற யாராவது வர்றாங்களா?"

குத்திக் காட்டக் கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டிச் சமாதானமாகியிருப்பேன். அவன் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. கடையைப் பார்த்துக்கொள்ள மனைவியிடம் இப்போதே சொல்லிவைக்க வேண்டுமே என்று, என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தான்.