அணைத்தால் எழுந்துகொள்ளும் பெட்டி

கம்ப்யூட்டர் ரிப்பேர் தொழிலில் பாதி நேரம் பஸ்ஸில் தூங்குவதில் போகிறது, மீதி நேரம் அடுத்தவர் பெட்டியைத் தூங்க வைப்பதில் போகிறது. இதே பிழைப்பில் இருக்கிறவர்களுக்கும், கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருக்கும்போது "நீ கம்ப்யூட்டர் படிச்சவந்தானலே?" என்று கையைப் பிடித்து இழுக்கப்பட்டவர்களுக்கும் நான் சொல்வது உடனே விளங்கும். தச்சநல்லூரில் எனக்கு ஒரு சின்னக் கடை. ஆற்றோரத்து ஊர்களுக்கெல்லாம் நானே பஸ் ஏறிப் போய்ப் பார்ப்பேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் இரண்டு நிறுத்தத்துக்குள் கண் சொருகிவிடும், அப்படி ஒரு உடம்பு. அதனால் ஒரு பெட்டி தூங்க மாட்டேன் என்கிறது என்று யாராவது சொன்னால் எனக்குச் சொந்தக்காரனுக்கு நோவு வந்ததுபோல மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

போனில் வந்த நோயாளி

ஆழ்வார்திருநகரியிலிருந்து கோமதியம்மாள் கூப்பிட்டார்கள். அவர்கள் வீட்டுக்காரர் சங்கரன் பிள்ளை, கோர்ட்டில் பெயர் கூப்பிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வராந்தாவில் நின்று மூன்று தரம் கூப்பிட்டால், எதிர்த்த கடையில் டீ குடிக்கிற சாட்சி பாதி டம்ளரை வைத்துவிட்டு ஓடி வருவானாம். பக்கவாதம் வந்து அவருடைய வலது கையையும் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. புத்தியில் ஒரு குறையும் இல்லை, நாக்குதான் புரளவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் கேட்டுக்கொண்டதால், ஒரு பழைய கம்ப்யூட்டரில் விண்டோசுக்குப் பதிலாகக் காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் போட்டு, தமிழில் தட்டினால் சத்தமாக வாசிக்கும்படி நான்தான் செய்து கொடுத்தேன். இடது கையால் அவர் தட்டுவார், பெட்டி பேசும். ஜலதோஷம் பிடித்தவன் பேசுகிற மாதிரி தட்டையான குரல். ஆனாலும் முதல் நாள் அது "ஏட்டி கோமதி" என்று கூப்பிட்டபோது, அந்த அம்மாள் அடுக்களையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார்கள்.

இப்போது சிக்கல் என்னவென்றால், மத்தியானம் சாப்பிட்டு அவர் படுக்கும்போது பெட்டியை நிறுத்துவார்கள். திரை இருண்டு, அது போனதென்று நினைக்கும்போதே தானாக எழுந்துவிடுகிறதாம். வேறு வழியில்லாமல் சுவரில் இருக்கிற சுவிட்சைத் தட்டிவிடுகிறார்கள். ஓடுகிற பெட்டிக்கு இப்படிக் கரண்டைப் பிடுங்கினால் உள்ளே டிஸ்க் அடிபட்டுக்கொண்டே வரும், ஒருநாள் மொத்தமாகப் படுத்துவிடும். ஏற்கெனவே ஒரு காலையில் அது எழும்ப மறுத்து, சங்கரன் பிள்ளை சாயங்காலம் வரை சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்திருக்கிறார். பெட்டிக்குப் பதில் போனில் தட்டிப் பேச முடியாதா என்று நானும் பார்த்தேன், அந்தச் சின்ன எழுத்தில் அவர் விரல் நிற்கவில்லை. கோமதியம்மாள் போனில் அழவில்லை, பைய கேட்டார்கள்:

"தம்பி, இது ஒரு நா எந்திரிக்காமலே போயிட்டுன்னா அவுக யார்கிட்ட என்னன்னு பேசுவாக?"

எனக்கு மட்டும் நல்ல பிள்ளை

ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் வாழைத்தோட்டங்கள் ஆரம்பிக்கும். தூங்கி விழித்துத் தூங்கி விழித்து நான் பார்க்கிற தோட்டம் ஒரே தோட்டம்தானா, பஸ் நகர்கிறதா இல்லையா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. நடுவே எங்கேயோ ஆறு ஒரு வெளிச்சம் காட்டிவிட்டு மறைந்துவிடும். அப்படி ஒரு மயக்கத்தோடுதான் அவர்கள் வீட்டு நடையில் செருப்பைக் கழற்றினேன்.

பெட்டி முன்னால் உட்கார்ந்து அணைத்தேன். அணைந்தது. காத்திருந்தேன். ஒரு அசைவும் இல்லை. திரும்ப எழுப்பி, திரும்ப அணைத்தேன். தாய் தட்டிக் கொடுத்த பிள்ளை மாதிரி தூங்கியது. கோமதியம்மாள் கன்னத்தில் கை வைத்து நின்றார்கள். "நேத்துகூட எந்திரிச்சுதே தம்பி, பொய்யா சொல்லுதேன்?" என்றார்கள். பொய் இல்லை அம்மா என்றேன். மெக்கானிக்கைக் கண்டதும் இருமலை நிறுத்தும் வண்டியையும், டாக்டரைக் கண்டதும் இறங்கிவிடும் காய்ச்சலையும் அறிந்தவர்களுக்கு இந்த அவமானம் புதிதல்ல. பெட்டியை எழுப்பி அவர் முன்னால் வைத்தேன். சங்கரன் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். பெட்டி தன் ஜலதோஷக் குரலில் சொன்னது:

"எல்லாச் சாட்சியும் இப்படித்தான். வீட்டுல ஒண்ணு சொல்லுவான், கூண்டுல ஏறுனா வேற ஒண்ணு சொல்லுவான்."

ஏரல் வைத்தியம்

அந்தச் சமயத்தில்தான் ஏரலில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் முகைதீன் பாயும் கூப்பிட்டார். அவர் கடையிலும் நான் போட்டுக் கொடுத்த லினக்ஸ்தான். அவர் பெட்டியும் அணைத்ததும் எழுந்துகொண்டது, அதுவும் என் கண் முன்னாலேயே. எனக்கு இருந்த சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. நோயைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதி குணம்.

இணையத்துக்கு வரும் கம்பி வழியாக ஏதாவது சத்தம் கேட்டால் எழுந்துகொள்ளும்படி சில பெட்டிகளில் ஒரு ஏற்பாடு உண்டு. பாதித் தூக்கத்தில் கிடந்து, தெருவில் யார் இருமினாலும் "யாரு?" என்று கேட்கிற வீட்டுக்காரர் மாதிரி. சந்தேகத்தைத் தீர்க்க அந்தக் கம்பியைப் பிடுங்கிவிட்டு அணைத்துப் பார்த்தேன். பெட்டி அசையவில்லை. டீ வந்தது, கடை முழுக்கப் புதுத் துணியின் வாசம், மேலே மின்விசிறி ஒரே தாளத்தில் சுற்றுகிறது. கம்பியைத் திரும்பச் செருகாமல் நான் அப்படியே உட்கார்ந்து கண்ணை மூடிவிட்டேன் போலிருக்கிறது. பாய் தோளைத் தொட்டு எழுப்பினார்:

"பெட்டிய உறங்க வைக்கத்தான் உம்மக் கூப்பிட்டேன் வே, நீரும் கூட உறங்கவா? உள்ள நெட்டு இல்லாம எம் பேரன் மட்டும் முழிச்சுக்கிட்டு கிடக்கான்!"

எலி

கம்பிக்கு இருந்த எழுப்பும் அதிகாரத்தை எடுத்துவிட்டதும் பாய் பெட்டி அடங்கிவிட்டது. ஏரலில் பலித்த மருந்து ஆழ்வார்திருநகரியில் பலிக்காதா என்று திரும்ப பஸ் ஏறினேன். பலிக்கவில்லை. அந்த வீட்டில் கம்பியே கிடையாது, இணையம் எல்லாம் காற்று வழி வரும் வைஃபை. அப்படியானால் மவுஸ்தான் என்று முடிவு கட்டினேன். மேஜை லேசாக ஆடினால்கூட மவுஸ் அசைந்து பெட்டியை எழுப்பிவிடும் என்பது எங்கள் தொழிலில் தெரிந்த விஷயம். மவுசிடமிருந்து அந்த அதிகாரத்தைப் பிடுங்கினேன். கீபோர்டிடமிருந்தும் பிடுங்கினேன். கரண்டு போய் வந்தால் தானாக எழும் ஏற்பாட்டையும் எடுத்துவிட்டேன். அணைத்துப் பார்த்தேன், வழக்கம்போல என் கைக்கு அடங்கிக் கிடந்தது.

ஊருக்குத் திரும்பி வந்து அடுத்த நாள் கடை திறந்து சாம்பிராணி காட்டிக்கொண்டிருக்கும்போதே நினைத்துக்கொண்டேன், இன்றைக்கு மத்தியானம் போன் வந்துவிடக் கூடாதே என்று. வந்தது. திரும்ப எழுந்துவிட்டதாம், திரும்ப சுவர் சுவிட்சுதானாம். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு மத்தியானமும் அந்தச் சுவிட்ச் விழும்போது அவர் பேச்சில் ஒரு துண்டு விழுவதாகவே எனக்குப் பட்டது. அடுத்த முறை போனபோது, நான் மவுசைக் கையில் எடுத்ததும் பெட்டி கேட்டது:

"என்ன வே, எலியப் பிடிச்சாச்சா, இல்ல இன்னும் பொறிதான் வைக்கியளா?"

அம்மாவின் கை

அந்த முறை எனக்கும் பிடிவாதம் வந்துவிட்டது. நான் தொடப் போவதில்லை, நீங்களே அன்றாடம் செய்வதுபோலச் செய்யுங்கள், நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொதியும் இஞ்சித் துவையலுமாகச் சாப்பாடு போட்டார்கள். வெயில் முற்றத்தில் வெள்ளையாக நின்றது. எங்கேயோ பம்புசெட் ஓடும் சத்தம் வந்துகொண்டும் தேய்ந்துகொண்டும் இருந்தது. சங்கரன் பிள்ளையைக் கட்டிலில் சாய்த்துவிட்டு, கோமதியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்தார்கள். எனக்குக் கண் சொருகியது. தொடையில் கிள்ளிக்கொண்டு முழித்திருந்தேன்.

தமிழில் இருக்கிற மெனுவைத் திறந்தார்கள். கீழே இரண்டே சொல். ஒன்று 'அணை', அடுத்தது 'மறுதொடக்கம்'. அம்பு நேராக 'மறுதொடக்கம்' மேல் போய் நின்றது, ஒரு தட்டு. திரை இருண்டது. திரும்ப எழுந்தது. "பாத்தீங்களா தம்பி!" என்று வெற்றியோடு என்னைப் பார்த்தார்கள். பெட்டியின் மேல் ஒரு குற்றமும் இல்லை, அணைந்து உடனே எழுந்திரு என்று சொன்னதைத்தான் அது செய்துகொண்டு வந்திருக்கிறது. கம்பியிலும் மவுசிலும் தேடின நான் இந்தக் கையைப் பார்க்கவில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், "அம்மா, பக்கத்துலயே 'அணை'ன்னு இருக்குல்லா? நிறுத்துறதுக்கு அதைத்தானே அமுக்கணும்?" என்றேன். இப்போது போயிட்டு அப்புறம் மறுபடி தொடங்கு என்றுதானே 'மறுதொடக்கம்' என்று போட்டிருக்கிறது என்று அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால் அந்தச் சொல்லுக்கு அப்படியும் பொருள் கொள்ளலாம்தான். சரி, இனிமேல் 'அணை'யை அமுக்குங்கள் என்றேன். மவுசிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"சாமி விளக்கையே நாங்க அந்தச் சொல்லு சொல்ல மாட்டோம். இது அவுக தொண்டைல்லா தம்பி, இதப் போயி எங் கையால அணைன்னு சொல்லுவனா?"

பெயர் வைத்தது

பெட்டியில் கோளாறு என்றால் சரிசெய்ய எனக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வது? அந்த அம்மாள் சொன்னதில் தப்பும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் விட்டுவிட்டால் சுவர் சுவிட்சு ஒருநாள் அவரை ஊமையாக்கிவிடும். சொல்தானே தடை, சொல்லை மாற்றிவிடலாம் என்றேன். லினக்ஸில் அது பெரிய வேலை இல்லை. திரையில் பெரிதாக ஒரு பொத்தான் வைத்து, பெட்டியை முழுதாக நிறுத்தும் கட்டளையை அதற்குக் கொடுத்து, என்ன பெயர் வேண்டுமானாலும் எழுதலாம். 'நிறுத்து' என்று எழுதட்டுமா? "மூச்சு நின்னுட்டுன்னு சொல்ல மாட்டாகளா, வேண்டாம்." 'மூடு'? "கண்ண மூடுத மாதிரில்லா இருக்கு." 'முடி'? அதைச் சொன்னதற்கு என்னை முறைத்தார்கள். எங்கள் பேச்சில் படுத்திருந்தவர் விழித்துக்கொண்டார். இடது கையை நீட்டி கீபோர்டைக் கேட்டார். கட்டில்மேல் வைத்தேன். நெடுநேரம் தட்டினார். பெட்டி சொன்னது: "வெளிய கிளம்புதவன என்ன சொல்லி அனுப்புவ? போயிட்டு வா. அதப் போடச் சொல்லு."

போட்டேன். மஞ்சள் பொத்தானில் பெரிய எழுத்தில் 'போயிட்டு வா'. கோமதியம்மாள் அதை இரண்டு தரம் வாசித்தார்கள். அவர் முகத்தைப் பார்த்தார்கள், வாய்க்குள் "போயிட்டு வாங்க" என்று மரியாதையாகத் திருத்திச் சொல்லிக்கொண்டே அமுக்கினார்கள். திரை இருண்டது. உள்ளே சுற்றிக்கொண்டிருந்த விசிறியும் நின்றது. திரும்ப எழவில்லை. அந்த அமைதி அவர்களுக்குப் பழக்கமில்லை போல, முகம் வெளிறிவிட்டது. "இது வருமா தம்பி?" என்றார்கள். வரும் என்றேன். என் குரலே எனக்கு நம்பிக்கையாக இல்லை. இத்தனை அடி வாங்கின டிஸ்க், இன்றைக்கு எழும்பவில்லை என்றால் நான் எந்த முகத்தோடு பஸ் ஏறுவேன்? அவர் தூங்கிவிட்டார். அம்மாள் கட்டிலடியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நான் பாயில் சாய்ந்தவன், எல்லாப் பெட்டிகளும் ஆற்றங்கரையில் வரிசையாகப் படுத்துக் கிடக்க, நான் ஒவ்வொன்றுக்கும் போர்வை போர்த்துவதாக ஒரு கனவு கண்டேன்.

சட்டென்று விசிறி சுற்றும் சத்தம். கண்ணைத் திறந்தால் வெயில் சாய்ந்திருந்தது. கோமதியம்மாள் பெட்டியை எழுப்பும் பொத்தானை அமுக்கிவிட்டு, நீட்டின விரலை மடக்காமல் பக்கத்திலேயே நின்றார்கள். திரை வெளுத்து, ஏதேதோ எழுத்து ஓடி, பொறுமையே போகும்படி கொஞ்ச நேரம் சும்மா நின்று, கடைசியில் விரிந்தது. சங்கரன் பிள்ளை கீபோர்டை இழுத்து, மனைவியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமலே தட்டினார். ஜலதோஷக் குரல் வீடு முழுக்கக் கேட்டது:

"வந்துட்டேம்லா. ஏட்டி கோமதி, எதுக்கு இப்படி அழுத?"

அணைத்த பெட்டி ஏன் எழுந்துகொள்கிறது என்று இணையத்தில் தேடினால் கம்பி, மவுசு, கரண்டு என்று ஆயிரம் காரணம் எழுதி வைத்திருக்கிறார்கள், அணைக்க மனசு வராத ஒரு பெண்டாட்டியை மட்டும் ஒருத்தரும் சேர்க்காததால் நான் மூன்று முறை பஸ்ஸில் தூங்கிப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.