ராகுகாலத்தில் ஒரு ராக் பாட்டு

அரக்கோணத்தில் ரயில் ஏறியபோது என்னிடம் மூன்று உருப்படிகள் இருந்தன: கிதார், மருந்துப் பை, தண்ணீர் பாட்டில். திருத்தணியில் எண்ணினேன், நகரியில் எண்ணினேன், புத்தூரிலும் எண்ணினேன். மூன்றும் இருந்தும் மனம் நிலைகொள்ளவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் இசைக்குழுவில் பாடிய ஸ்டான்லிக்கு மறுநாள் திருப்பதியில் அறுவை சிகிச்சை. புற்று கண்ட குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். "ஞாயித்துக்கெழம நாலரைக்கு வந்துடுடா. கடைசியா ஒருவாட்டி பாடிடறேன்" என்று போனில் கரகரத்தான். ஆறு மணிக்குள் அவன் மருத்துவமனையில் சேர்ந்தாக வேண்டும்.

பிற்பகல் 3.25, ரேணிகுண்டா. ஆட்டோக்காரர் பழனி, தமிழ்நாட்டு எல்லையோரம் பாலசமுத்திரத்துக்காரர்.

"இன்னா விசேஷம் பெரியவரே?"

"ராக் இருக்குப்பா, நாலரைக்கு. லேட்டாகக் கூடாது."

"ஞாயித்துக்கெழம நாலரைதானே? தெரியும் சார், குந்து."

நான் உருப்படிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முகவரிச் சீட்டு சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது.

3.55. சாலையோரப் பலகையில் 'காளஹஸ்தி 9 கி.மீ.' என்றிருந்தது. பழனியின் தோளைத் தட்டினேன்.

"இது திருப்பதி ரோடு இல்லையாப்பா?"

"ராகு பூஜைக்குத் திருப்பதியில இன்னா வேல? காளாஸ்திக்குத்தான் போய்க்கினு இருக்கோம்."

"ராகு இல்லய்யா, ராக்! இங்கிலீஷ் பாட்டு!"

பிரேக் கிறீச்சிட்டது. "அப்போ பையில வீணை இல்லியா?"

"கிதார்!"

"நரைச்ச தலை, ஞாயித்துக்கெழம, ராகுகாலம். நான் இன்னான்னு நெனக்கிறது நைனா?"

வண்டியைத் திருப்பினார். நான் வாய் ஓயாமல் திட்டினேன். "திட்டிக்கினே வா, வண்டி வேகமாப் போவும்" என்றார். வந்த பதினாறு கிலோமீட்டரையும் திரும்ப ஓடி, அதன்மேல் திருப்பதிச் சாலையில் ஆறு.

4.45. திருப்பதியில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் சிறிய கூடம். கழுத்தில் துண்டோடு ஸ்டான்லி நாற்காலியில் இருந்தான். "அஞ்சரைக்குக் கெளம்பணும் அங்கிள்" என்றாள் அவன் மகள் மெர்சி. கிதாரைச் சுருதி சேர்த்தேன். பழனி வாசலோரம் உட்கார்ந்துகொண்டார்.

இரண்டு ராக் பாட்டுகளைப் பாதிப் பாதி பாடினான். பிறகு அவனுக்குப் பிடித்த சோல் பாட்டு. அமெரிக்கக் கறுப்பின மக்கள் தேவாலயத்தில் பாடிப் பழகிய முறை அதில் உண்டு: பாடுபவர் ஒரு வரியைக் கூப்பிடுவார், மற்றவர்கள் வேறொரு வரியால் பதில் தருவார்கள். பதில் என் பொறுப்பு. ஆனால் நான் வாய் திறக்கும் முன் வாசலிலிருந்து கணீரென்று ஒரு குரல் ஸ்டான்லியின் வரியையே திருப்பிப் பாடியது. பழனி! அவர் பஜனைக் கோஷ்டிக்காரர். முன்னே பாடுபவர் சொல்வதைப் பின்னால் இருப்பவர்கள் அப்படியே சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது.

"அது இல்லப்பா" என்று கையை உயர்த்தினேன். ஸ்டான்லி என் கையைத் தட்டிவிட்டான்.

மூன்றாவது அடியில், வரி மேலே ஏறும் இடத்தில், அவன் குரல் நின்றது. வாய் அசைந்தது, காற்றுதான் வந்தது. மெர்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பழனிக்கு அதெல்லாம் தெரியவில்லை. கோஷ்டியில் முன்னே பாடும் குருசாமிக்கு மூச்சு வாங்கினால் பின்பாட்டுக்காரர்தான் வரியை எடுத்துக்கொள்வார். முதல் இரண்டு அடியிலும் கேட்ட அதே வரியை அவரும் எடுத்துக்கொண்டார். பாதிச் சொற்கள் தெலுங்காகத்தான் கேட்டன. சுருதி மட்டும் விலகவேயில்லை.

ஸ்டான்லி என் தோளைப் பிடித்து இழுத்துக் காதருகே சொன்னான்: "அவன் கூப்புடட்டும்டா. பதிலை நான் தட்டறேன்."

பதில் வரும் இடமெல்லாம் அவன் இரண்டு கைகளும் சேர்ந்து ஒலித்தன. நான் கிதாரோடு கூடப் போனேன்.

5.30க்கு அவன் கார் கிளம்பியது. பழனி என்னை ரேணிகுண்டாவில் இறக்கிவிட்டு நூற்றைம்பது ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். "தப்பான ரோட்டுக்குக் காசு வாணாம் சார்."

ரயிலுக்குக் காத்திருந்தபோது நினைத்துப் பார்த்தேன். அந்தக் காலத்தில் அரக்கோணத்தில் நாங்களும் வானொலியில் காதில் விழுந்ததை விழுந்தபடியே பாடினோம். பாதிச் சொல் தப்பு. கடல் தாண்டி யாரும் வந்து எங்களைத் திருத்தவில்லை. அதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பழனிக்குச் சொல்லியிருக்கலாம். திட்டத்தான் நேரமிருந்தது.

6.50க்கு மெர்சி போனில் கூப்பிட்டாள். "நர்ஸ் கோவிச்சுக்கறாங்க அங்கிள். அப்பா கட்டில் கம்பியத் தட்டிக்கினே இருக்காரு."

"தட்டட்டும்மா" என்றேன்.