மஞ்சள் அடித்த கரிசல்

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கல்லூரியில் புவியியல் இரண்டாம் ஆண்டு படித்தேன். பாடத்தில் நிலப் பயன்பாடு என்று ஒரு பகுதி. அதற்காக ஆளுக்கு ஒரு ஊருக்குப் போய், கிராம வரைபடத்தில் ஒவ்வொரு நிலத்துக்கும் வண்ணம் தீட்டி வர வேண்டும். பயிர் செய்யும் நிலம் பச்சை, தரிசு மஞ்சள். எனக்கு வாய்த்தது பேரையூர்ப் பக்கம்.

நான் மதுரை டவுனில், தறி ஓடும் சௌராஷ்டிர வீட்டில் வளர்ந்தவள். மண் என்றால் மாடியில் இருந்த துளசித் தொட்டி அளவுக்குத்தான் தெரியும். ஆனால் கரிசல் மண் எப்படி உருவாகிறது என்று கேட்டால் இரண்டு பக்கம் எழுதுவேன். அந்தத் திமிரோடு, ஆடி மாதத்தில் ஒரு நாள், டி. கல்லுப்பட்டியில் பஸ் மாறி அங்கே போய் இறங்கினேன். கண்ணுக்கு எட்டின வரை வெடித்த மண், ஒரு செடி இல்லை. வரப்பில் உட்கார்ந்து, காற்றில் பறக்கப் பார்த்த தாளை முழங்கையால் அமுக்கிக்கொண்டு, மளமளவென்று மஞ்சள் அடித்தேன். வேலை இவ்வளவு சுலபமா என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

நிலத்துக்காரர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். என்னைத் தாலுகா ஆபீஸ் ஆள் என்று நினைத்திருக்கிறார். மஞ்சள் என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். முகம் மாறிவிட்டது. தரிசு என்று ஒருமுறை எழுதிவிட்டால் நாளைக்கே எவனாவது கம்பெனி கட்ட வந்துவிடுவான் என்றார். இது ஆபீஸுக்குப் போகாது, காலேஜில் மார்க் வாங்கத்தான் என்று சமாதானம் சொன்னேன்.

"மார்க்குக்காக எம் புஞ்சையத் தரிசுன்னு எழுதுவியா தாயி? புரட்டாசியில மழை விழட்டும். ஐப்பசியில வந்து பாரு, பருத்தி எம்புட்டு நிக்குதுன்னு."

மழைக்குக் காத்திருக்கும் நிலத்தைப் போய்த் தரிசாக்கிவிட்டேன். வெட்கமாகிவிட்டது. மஞ்சள் மேலேயே பச்சையை அழுத்தித் தீட்டினேன். அவர் நகரவில்லை. ஒவ்வொரு நிலமாக, அது யாருடையது, என்ன விதைப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் ஓடை ஓரத்து நிலம். அதில் கருவேல முள் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. இது மட்டும் தரிசுதானே என்றேன்.

அது தன் மகனுக்குப் பிரித்துக் கொடுத்த பங்கு என்றார். மகன் குடும்பத்தோடு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் நாலு வருஷமாகிறதாம். வந்து விதைப்பாரா என்று கேட்டேன்.

அவர் ஓடைப் பக்கம் கையைக் காட்டினார். "அதுக்கும் பச்சையே அடிச்சிரு தாயி" என்றார்.

பாடப்படி அது தப்பு. பச்சைப் பென்சிலை நன்றாகச் சீவிக்கொண்டு அடித்தேன்.